பிரி

ஐந்து மாதமாக அந்த வீட்டில் பேச்சுக்குப் பஞ்சமே இல்லை. எடைமேடைக்காரர் காலையில் மனைவிக்குப் பல் தேய்த்துவிடும்போது ஆரம்பித்தால், படுக்கிற வரைக்கும் வாய் ஓயாது. "இந்தா, வாயைத் திற. இன்னும் கொஞ்சம். அவ்வளவுதான். வெயில் எப்படி அடிக்குது பாத்தியா? எதிர்வீட்டுக்காரன் மறுபடியும் வண்டியைக் கொண்டாந்து நம்ம வாசல்லயே விட்டிருக்கான் பாரு." இப்படியே போகும். முப்பது வருஷக் குடும்ப வாழ்க்கையில் அவர் பேசிய மொத்தப் பேச்சையும் இந்த ஐந்து மாதப் பேச்சு தூக்கிச் சாப்பிட்டுவிடும். அத்தனைக்கும் பதிலாக அவள் வாயிலிருந்து வருவது ஒரே ஒரு சொல்.

"பிரி."

ஒரு நாள் காலை, தலை சீவிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்து விழுந்தாள். மூளையின் இடதுபக்கம் ரத்தம் கட்டிக்கொண்டது என்றார் டாக்டர். வலது கை போயிற்று, வலது கால் பாதி போயிற்று, பேச்சு முழுக்கப் போயிற்று. "சிலருக்கு எல்லா வார்த்தையும் போய் ஒண்ணே ஒண்ணு மட்டும் தங்கிடும். ஏன் அந்த வார்த்தைன்னு எங்களாலயும் சொல்ல முடியாது" என்றார். ஒருத்தருக்குக் கடவுள் பெயர் தங்குமாம், இன்னொருத்தருக்கு வாயில் வைக்கக்கூசும் கெட்ட வார்த்தை தங்குமாம். இவளுக்குத் தங்கியது 'பிரி'.

இந்தப் பாழாய்ப்போன சொல்லுக்குத்தான் தமிழில் எத்தனை வேலை! பொட்டலத்தைப் பிரி, மூட்டையைப் பிரி, முடிச்சைப் பிரி, சடையைப் பிரி. முதல் மாதம் அவர் எதையும் விட்டுவைக்கவில்லை. அவள் சொல்லச்சொல்ல ரொட்டிப் பாக்கெட்டைப் பிரித்தார், மருந்துப் பெட்டியைப் பிரித்தார், சடையைப் பிரித்துப் பின்னி மறுபடியும் பிரித்தார். பரணில் கட்டிக்கிடந்த பழைய மூட்டைகளை இறக்கிப் பிரித்து, தும்மித் தும்மி அவருக்கே மூச்சு வாங்கியது. ஒரு நாள் வெறி வந்ததுபோலத் தலையணையைப் பிரித்துவிட்டார். வீடெல்லாம் பஞ்சு. அவள் அந்தப் பஞ்சு மழைக்கு நடுவே உட்கார்ந்து, அதே முகத்தோடு, அதே சொல்லைச் சொன்னாள்.

பிரிக்க வேறொன்றும் மிச்சமில்லாமல் போனபோதுதான் அவருக்கு உறைத்தது. பிரிப்பதற்கு இன்னும் ஒன்று பாக்கியிருக்கிறது. அது அவருக்குத் தெரியும்.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்திருந்தவள் சண்டை எதுவும் போடாமல், குரலை உயர்த்தாமல், மழை வருமா என்று கேட்கிற மாதிரி கேட்டாள்: "நாம பிரிஞ்சிடலாமா?"

அவர் தட்டிலிருந்து தலையை எடுக்கவில்லை. "தண்ணி எடு" என்றார்.

அவள் தண்ணீர் எடுத்து வைத்தாள். அதற்கப்புறம் அவள் அதைக் கேட்கவே இல்லை, அவரும் பேசவே இல்லை. அடிக்கவில்லை, குடிக்கவில்லை, கொண்டுவர வேண்டியதைக் கொண்டுவந்து போட்டோம், வேறென்ன குறை என்று அவர் அன்றைக்கு நினைத்தார். வயிறு நிறைந்தால் மனுஷிக்கு வேறு பசியே கிடையாது என்று நம்புகிற ஆண்பிள்ளைகளின் கூட்டம் பெரிது. அதில் இவரும் ஒருத்தர். லாரிகளை ஏற்றி எடைபோடுகிற மேடையில், கண்ணாடிக் கூண்டுக்குள் இருபத்தெட்டு வருஷமாக உட்கார்ந்திருப்பவர். எண்ணைச் சொல், சீட்டைக் கொடு, அடுத்த லாரி. அந்தப் பழக்கத்தை அப்படியே வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். அந்த மத்தியானத்துக்கு அடுத்த மாதம் அவள் ஒரு தையல் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். "தையல் கம்பெனி" என்பதற்குமேல் அவர் ஒரு வார்த்தை விசாரித்ததில்லை. தைப்பாள் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டார்.

இப்போது அந்தக் கேள்விதான் வேறெல்லாப் பேச்சும் உதிர்ந்தபின் உள்ளே தங்கி நிற்கிறது என்று அவருக்குத் தோன்றியது. தோன்றியது என்ன, அடித்துச் சொல்வார். ஏனென்றால் மூன்றாவது மாதத்திலிருந்து அவள் அந்தச் சொல்லோடு கையையும் சேர்த்துக்கொண்டாள். நல்ல கையான இடது கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுபோய்த் தன்னைத் தொட்டுக்காட்டுவாள். அப்புறம் அதே கையை நீட்டி அவரைக் காட்டுவாள். "பிரி" என்பாள்.

நான். நீ. பிரி. இதற்குமேல் எப்படிச் சொல்வது?

அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பேச்சுப் போன மனுஷி கேட்கிறாள், போய்விடு என்று. எங்கே போவார்? அவர் போனால் அவளுக்குக் கஞ்சி ஊட்டுவது யார்? அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். உண்மை அது மட்டுமில்லை. இந்த ஐந்து மாதத்தில் அவருக்கு என்னவோ ஆகியிருந்தது. வெந்நீர்கூட வைக்கத் தெரியாத மனுஷன் சோறு வடிக்கக் கற்றுக்கொண்டார், பசி கற்றுக்கொடுத்தது. துணி துவைக்கவும், படுக்கைப்புண் வராமல் அவளை மணிக்கொருதரம் புரட்டிவிடவும் கற்றுக்கொண்டார், பயம் கற்றுக்கொடுத்தது. பேசக் கற்றுக்கொண்டார். அதைக் கற்றுக்கொடுத்தது அந்த வீட்டின் அமைதி. ஒரு ஆள் பேசாமல் இருந்த வீட்டில் இரண்டு பேரும் பேசாமல் இருந்தால் எப்படியிருக்கும் என்று முதல் வாரத்திலேயே பார்த்துவிட்டார், தாங்கவில்லை. ஐம்பத்தேழு வயதில் முதல் தடவையாக ஒருத்திக்கு அவர் வேண்டியிருந்தது. அந்த ருசியைக் கண்டபிறகு, அவள் தன்னை வேண்டாமென்கிறாள் என்பதை எந்த முகத்தோடு ஏற்றுக்கொள்வார்?

அதனால் இன்னும் இன்னும் செய்தார். அவள் கரண்டியைத் தானே பிடிக்கப் பார்த்தால் வாங்கிக்கொண்டார். சீப்புக்குக் கை நீட்டினால் "நான் இருக்கேன்ல" என்று ஓடிவந்தார். தூக்க வராத வலது கையை நைட்டியின் கைக்குள் நுழைப்பது பெரும்பாடாக இருந்தது. அதற்காக மூன்றாவது மாதம் பிறந்ததுமே அவளுடைய நான்கு நைட்டிகளையும் எடுத்து, முன்பக்கம் மேலிருந்து கீழே வெட்டி, அழுத்தினால் ஒட்டும் பொத்தான்கள் வைத்தார். தோளுக்குக்கீழே துணிக் கைகளைக் கழற்றி, அகலப்படுத்தி, ஊசி நூலால் தானே திரும்பத் தைத்தார். கை மாறிப்போகக் கூடாதே என்று ஒவ்வொன்றிலும் பேனாவால் 'வ', 'இ' என்று எழுதிக்கூட வைத்துக்கொண்டார். விரலெல்லாம் குத்து வாங்கி, பத்து நாள் பாடுபட்டு முடித்தபோது அவருக்கே தன்மேல் ஒரு மரியாதை வந்தது.

அந்த நைட்டியைப் போட்டுவிடப் போனால்தான் அவள் முகத்தைத் திருப்பினாள். இடது கையால் அவரைத் தள்ளினாள். போட்டுவிட்டால் அழுதாள். மகள் வந்திருந்த நான்கு நாளும் மகளே வாங்கிவந்த புது நைட்டியைப் போட்டுக்கொண்டு அமைதியாக இருந்தாள், ஒரு தடவை சிரிக்கக்கூடச் செய்தாள். மகள் ஊருக்குப் போன மறுநாள் அவர் பழையபடி தன்னுடைய நைட்டியை எடுத்தார். பழையபடி தள்ளல், அழுகை, மார்பில் கை, அவர்மேல் கை, "பிரி".

மகள் தொட்டால் ஆகிறது, புருஷன் தொட்டால் ஆகவில்லை. எடைபோட்டுப் பழகியவருக்கு இந்தக் கணக்கில் குழப்பமே வரவில்லை.

திங்கட்கிழமை மகள் போனில் சொன்னாள்: "அப்பா, உங்க லீவு இந்த ஞாயித்துக்கிழமையோட முடியுது. இனி குடுக்க மாட்டேன்னுட்டாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க. சனிக்கிழமை வண்டி எடுத்துட்டு வர்றேன். அம்மா என்கூட இருக்கட்டும்."

"எவ்வளவு நாளைக்கு?"

"அதென்னப்பா கேள்வி? இருக்கட்டும். அவ்வளவுதான்."

"அவ வருவாளாம்மா?"

"அப்பா, நான் சொன்னா தப்பா எடுத்துக்காதீங்க. நாலு நாள் கூட இருந்து பாத்தேன். உங்களைப் பாக்கறப்ப அம்மா மூஞ்சி சரியில்ல."

அவர் போனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய், எதற்குப் போனோம் என்று தெரியாமல் நின்றார்.

புதன்கிழமை பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் வந்தாள். கட்டில் சட்டத்தில் இடது கையால் ஒரு தட்டு தட்டினால் 'ஆமா', இரண்டு தட்டு தட்டினால் 'இல்ல' என்று முதல் வாரமே பழக்கிவிட்டிருந்தவள் அவள்தான். அவர் வாசல்வரைக்கும் அவள் பின்னாலேயே போய், திக்கித் திக்கி விஷயத்தைச் சொன்னார். கை காட்டுவதைச் செய்துகாட்டினார்.

"அவங்ககிட்டயே கேட்டுட வேண்டியதுதானே? தட்டிச் சொல்லிடுவாங்க" என்றாள் அந்தப் பெண்.

"என்னன்னு கேக்கறது?"

"பசிக்குதா, தாகமா, வலிக்குதான்னு தினமும் கேக்கறீங்க. அதெல்லாம் உடம்பு. அதுக்கு மேல அவங்களுக்கு வேண்டியது எதையாவது கேட்டீங்களா?"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். சின்னப் பெண், அவளுக்கென்ன, கேட்டுடு என்று சொல்லிவிட்டாள். பதில் ஒரு தட்டாக வந்துவிட்டால் அவர் என்ன ஆவார் என்று அவளுக்குக் கவலையா?

வியாழக்கிழமை கேட்டுவிடுவது என்று முடிவு பண்ணினார். கட்டிலுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "பசிக்குதா?" இரண்டு தட்டு. "தண்ணி?" இரண்டு தட்டு. "காலு வலிக்குதா? ஜன்னலைச் சாத்தவா? பாட்டு வைக்கவா?" இரண்டு தட்டு, இரண்டு தட்டு, இரண்டு தட்டு. அவள் தட்டுவது வேகமாகிக்கொண்டே போனது. பொறுமை போய்க்கொண்டிருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது. "உனக்கு நான்..." என்று ஆரம்பித்தார். "நான் இங்க..." என்று வேறு பக்கமாக வந்தார். அதுவும் முடியவில்லை. அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மார்புக்குக் குறுக்கே கையைக் கொண்டுபோனாள். அவர் அந்தக் கையைப் பிடித்து, நீட்டவிடாமல், போர்வைக்கு அடியில் வைத்து மூடினார்.

"வேண்டாம். சொல்லாத" என்றார். "புரியுது. எனக்குப் புரியுது. ரெண்டு நாள் பொறு."

அவள் வாய் கோணி, சத்தமில்லாமல் அழுதாள். அன்றைக்குக் கஞ்சியும் இறங்கவில்லை. குளிப்பாட்டும்போது வலது அக்குளில் இருந்த சிவந்த கோடு இன்னும் ஆழமாகியிருந்தது. வியர்க்குருதான் என்று பௌடரை அப்பினார். பிறகு அவளைக் கொண்டுவந்து படுக்கவைத்துவிட்டு, குளியலறைக்கே திரும்பிப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்குள்ளே குலுங்கிக் குலுங்கி அழுதார். லாரிக்காரர்கள் பார்த்தால் நம்ப மாட்டார்கள். வாளி நிரம்பி வழிகிறவரை அவர் வெளியே வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் அவளுடைய துணிமணிகளை எடுத்துப் பையில் அடுக்கினார். மருந்து, ரிப்போர்ட், சீப்பு, மூன்று நைட்டி. நான்காவதை அவளுக்குப் போட்டுவிட்டிருந்தார். பதினொரு மணி இருக்கும், யாரோ கதவைத் தட்டினார்கள். இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி, கையில் ஒரு துணிப்பை.

"மாமா, நான் அக்காவோட கம்பெனி. ஓவர்லாக்."

"என்ன லாக்?"

"ஓவர்லாக் மெஷின் ஓட்டறேன் மாமா. துணி ஓரத்தைப் பூட்டித் தைக்கிற மெஷின். பேரே அதான் ஆயிடுச்சு. எத்தனை தடவை வரணும்னு நெனச்சேன், அக்காவை இப்படிப் பாக்க மனசு வரல. இன்னிக்குக் கம்பெனி லீவு." பேசிக்கொண்டே உள்ளே வந்துவிட்டாள். கட்டிலில் இருந்தவளைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு சட்டென்று போய்த் தரையில் மண்டிபோட்டு, "அக்கா, என்னைத் தெரியுதா? உங்ககிட்டத் திட்டு வாங்காம எனக்கு ரெண்டு கிலோ ஏறிடுச்சு" என்றாள்.

எடைமேடைக்காரர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். அப்படி ஒரு வெளிச்சத்தை அந்த முகத்தில் அவர் பார்த்து எத்தனையோ காலமாகிறது. அவள் அவசர அவசரமாக இடது கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுபோனாள். கையை நீட்டி அவரைக் காட்டினாள்.

"பிரி" என்றாள். "பிரி, பிரி."

வந்த பெண்ணின் எதிரிலேயே மனைவி சொல்லிவிட்டாள். மானம் கப்பலேறியது. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"எங்கேக்கா?" என்றாள் ஓவர்லாக். ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "தோளா? அக்குளா?" அதற்குள் அவள் விரல்கள் நைட்டியின் வலது தோளைப் பிடித்து, தையலோடு கீழே ஓடி, உள்ளே புகுந்து, வெளியே வந்துவிட்டன. "அடக்கடவுளே! யாரு மாமா இதைத் தைச்சது?"

"நான்தான். ஏன்?"

"கை மாறிக் கெடக்கு. வலது கையை இடது பக்கமும், இடது கையை வலது பக்கமும் வச்சுத் தைச்சிருக்கீங்க. கைக்கு முன்பக்கம் ஒரு வெட்டு, பின்பக்கம் ஒரு வெட்டு இருக்கும் மாமா. மாத்தி வச்சா அக்குள்ல சுருக்கு விழுந்து அறுக்கும். அதுல வேற கயிறு மாதிரி முடிச்சு போட்டு வச்சிருக்கீங்க."

"மாறாது. நான் எழுதியே வச்சிருக்கேன், பாரு. வ, இ."

அவள் அந்தப் பேனா எழுத்தைப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள். எதிரே கிடந்த நாற்காலியைப் பார்த்தாள். "நீங்க அக்காவுக்கு எதிர்ல உக்காந்து குறிச்சுட்டு, தைக்கறப்ப அக்காவோட வலது எதுன்னு பாத்துத் தைச்சிருக்கீங்க மாமா. உங்க பக்கத்துல இருந்து பாத்தா மாறித்தானே தெரியும்? போட்டுக்கறவங்க பக்கத்துல இருந்துல்ல பாக்கணும்."

"அவ சொன்னது... பிரின்னா..."

"தையலைப் பிரின்னு அர்த்தம். வேற என்ன? அக்காதானே எங்க செக்கிங்! பத்தொன்பது வருஷமா ஒரு பீஸ் அவங்க கண்ணுல படாம வெளிய போனதில்ல. ஒரு தையல் கோணலாப் போச்சுன்னா போதும், பீஸைக் கொண்டாந்து முன்னாடி போட்டு, கோணலைக் காட்டி, தைச்சவளைக் காட்டி, 'பிரி'ம்பாங்க. வேற ஒரு வார்த்தை பேச மாட்டாங்க. நூறு பேர் இருக்கோம், எங்க யாருக்கும் அவங்க பேரு தெரியாது. எல்லாருக்கும் பிரியக்காதான்." அவள் நிறுத்தினாள். "ஏன் மாமா, உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. பத்தொன்பது வருஷம் ஒரே கூரைக்குக்கீழே சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறார். நூறு பேர் பயந்து நடுங்கிய, நூறு பேர் அக்கா என்று கூப்பிட்ட ஒருத்தி தினமும் சாயங்காலம் அந்தக் கதவைத் திறந்துகொண்டு வந்திருக்கிறாள். அவர் தண்ணி எடு என்றிருக்கிறார்.

அவருக்குச் சிரிக்க வேண்டும் போலிருந்தது. இரண்டு மாதமாக அறுத்துக்கொண்டிருந்திருக்கிறது. அவள் வலியைக் காட்டிக் காட்டிச் சொல்லியிருக்கிறாள். அவர் அந்தக் கையைப் பிடித்துப் போர்வைக்கு அடியில் மூடியிருக்கிறார். சிரிப்பு வரவில்லை. சுவரில் சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்தார்.

ஓவர்லாக் அக்காவுக்கு மகள் வாங்கிவந்த நைட்டியை மாற்றிவிட்டாள். சிவந்த கோட்டைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டாள். கழற்றிய நைட்டியை மேஜைமேல் விரித்து, இஸ்திரிப் பெட்டியை அதன்மேல் பாரமாக வைத்து, அக்காவை நாற்காலியில் உட்காரவைத்து மேஜைக்கு நகர்த்தினாள். தன் துணிப்பையிலிருந்து ட்ரிம்மரை எடுத்தாள். நூல் வெட்டுகிற சின்னக் கத்திரி அது, விரல் நுழைக்க வளையமில்லாமல் உள்ளங்கைக்குள் அடங்குவது. அதை அக்காவின் இடது கையில் வைத்தாள்.

முதல் தையலை வெட்டவே கால்மணி நேரம் ஆயிற்று. பழக்கமில்லாத கை, நடுங்கியது, துணியைக் குத்தியது, நழுவி விழுந்தது. எடைமேடைக்காரர் எழுந்து ஓடிவந்து, "குடு, நான் வெட்டறேன்" என்று கையை நீட்டினார். அவள் ட்ரிம்மரைக் கீழே வைத்தாள். அவர் புறங்கையில் பளாரென்று ஒன்று வைத்தாள். மறுபடியும் ட்ரிம்மரை எடுத்துக்கொண்டாள்.

"நல்லா வாங்குனீங்களா?" என்றாள் ஓவர்லாக். "அவங்க வேலை செய்யறப்ப கிட்டப் போகக் கூடாது மாமா. எங்களுக்கெல்லாம் தெரியும்."

அவர் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். அந்த ஐந்து மாதத்தில் அவர் செய்ததிலேயே கஷ்டமான வேலை அதுதான்.

சனிக்கிழமை மகள் வண்டியோடு வந்தபோது, அம்மா மேஜைமுன் உட்கார்ந்து இரண்டாவது நைட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவர் வாசலிலேயே மகளை மடக்கி எல்லாவற்றையும் கொட்டினார். கை மாறியது, வ, இ, செக்கிங், பிரியக்கா. மூச்சு வாங்கியது.

மகள் அம்மாவின் பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். "சரிப்பா. அம்மா தையலைத்தான் சொன்னாங்கன்னு வச்சுக்குவோம். அதனால என்ன மாறிடுச்சு? திங்கட்கிழமை நீங்க வேலைக்குப் போகணும். அம்மா தனியா எப்படி இருப்பாங்க?"

"அவ என்னை வேண்டாங்கல."

"அது உங்களுக்கு வேணுங்கறது. நேத்துவரைக்கும் பயத்துல உங்க காதுல ஒண்ணு கேட்டுச்சு, இன்னிக்கு ஆசையில வேற ஒண்ணு கேக்குது. அம்மாவுக்கு என்ன வேணும்? அதைக் கேட்டீங்களா?"

அவர் கேட்கவில்லை. நேற்றிலிருந்து இருபத்துநாலு மணி நேரம் இருந்தது, கேட்கவில்லை. தையல்தான் என்று தெரிந்தபிறகும், அந்தப் பழைய மத்தியானம் அப்படியே இருந்தது. நிஜமாகவே அவள் கேட்ட கேள்வி அது, அவர் பதில் சொல்லாமல் விட்ட கேள்வி. மகளுக்கு அது தெரியாது.

மேஜைக்குப் போனார். எதிரே கிடந்த நாற்காலியைத் தூக்கி, அவள் பக்கத்தில் போட்டு, அவள் பார்க்கிற திசையைப் பார்த்து உட்கார்ந்தார். மகள் பையோடு பின்னால் நின்றாள்.

"இங்க பாரு. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னாடி நீ என்கிட்ட ஒண்ணு கேட்ட. நான் காது கேக்காத மாதிரி இருந்துட்டேன். கேட்டுச்சு. பயமா இருந்துச்சு. அதான் தண்ணி கேட்டேன்." மகள் தோளிலிருந்த பையைத் திரும்பிப் பார்த்தார். "இப்ப நான் கேக்கறேன். பொண்ணு வந்திருக்கா. நல்லாப் பாத்துக்குவா. அவகூடப் போறியா? போறேன்னு சொன்னா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். சத்தியமாச் சொல்றேன். ஒரு தட்டு தட்டு, போதும்."

அவள் நிமிரவில்லை. ட்ரிம்மரின் நுனி கடைசித் தையலுக்கு அடியில் நுழைந்திருந்தது. வெட்டினாள். நைட்டியின் கை கழன்று வந்தது.

"அம்மா, அப்பா கேக்கறாங்க" என்றாள் மகள்.

அவள் ட்ரிம்மரின் அடிப்பக்கத்தால் மேஜையில் தட்டினாள். ஒன்று. எடைமேடைக்காரர் எழப் போனார். இரண்டு. தலையைத் தூக்காமலே, வேலையில் குறுக்கே பேசுகிறவர்களை அடக்குகிற மாதிரித் தட்டினாள்.

அப்புறம் கழன்ற கையை இடது கையால் இழுத்துக்கொண்டாள். திருப்பிப் போட்டாள், சரியில்லை. மறுபடியும் திருப்பினாள். வலது கை எங்கே இருக்க வேண்டுமோ அங்கே கொண்டுபோய், ஓரத்தோடு ஓரம் பொருந்த வைத்து, உள்ளங்கையால் நீவினாள். எல்லாவற்றையும் சேர்த்து அவர் மடியில் தள்ளினாள். அவரைப் பார்த்தாள். வாய் திறந்தது. கழுத்து நரம்பு புடைத்தது, முகம் சிவந்தது, உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. வரப்போவது எது என்று அந்த வீட்டுக்கே தெரியும். ஆனால் நாக்கு பல்லில் முட்டி முட்டி வேறெதையோ தேடியது.

"த..." என்றாள். "த... தை."

மகளின் தோளிலிருந்து பை நழுவியது. "அப்பா! அம்மா என்ன சொன்னாங்க?"

"வேலை சொல்றாம்மா" என்றார் அவர். "எனக்கு வேலை சொல்றா."

ஊசியை எடுத்தார். நூலை எடுத்தார். கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டு ஊசிக் காது எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. எச்சில் தொட்டுப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், நுழைய மாட்டேன் என்றது. பக்கத்தில் அவள் பொறுமையில்லாமல் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை என்ன செய்வது என்று அந்த அறையில் இருந்த யாருக்கும் தெரியவில்லை. வாசலில் வண்டிக்காரர் ஹார்ன் அடித்தார். மகள் போய் அவரை அனுப்பிவிட்டு வந்து, அப்பாவின் கையிலிருந்த ஊசியை வாங்கி, நூல் கோத்து, முடிச்சுப் போட்டுக் கொடுத்தாள்.